நலமாக இருக்கும்போதும் மருத்துவரிடம்: குடல் அழற்சி நோயைக் கண்காணிக்கும் முறை

பெருங்குடல் புண்ணழற்சி, குரோன் நோய் ஆகிய இரண்டும் வந்தால் ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் குடல் நோய்கள். பெருங்குடல் புண்ணழற்சி மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் குடலின் உட்சவ்வை மட்டும் புண்ணாக்கும். குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் காணப்படும். அது அங்கங்கே விட்டுவிட்டுத் தாக்கும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும். அதனால் குடல் குறுகி அடைத்துக்கொள்வதும், ஆசனவாய்க்கு அருகே பவுத்திரம் புறப்படுவதும் குரோன் நோயாளிகளிடம் அடிக்கடி நேர்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து மருத்துவர்கள் வழங்கும் பொதுப்பெயர் ஐ.பி.டி.

பிறவியிலேயே அமைந்த சில மரபணுக் கூறுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தில் ஏற்படும் மாற்றம், வாழும் சூழல் எல்லாம் சேர்ந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குடலுக்கு எதிராகக் கிளப்பிவிடுகின்றன. கிளம்பிய அழற்சி தானாக அடங்குவதில்லை. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. காரம் சாப்பிட்டதால் வந்ததுமில்லை, கவலைப்பட்டதால் வந்ததுமில்லை. நோயாளியின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் மனத்தையும் குறை சொல்லும் வீட்டாருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859இலேயே பெருங்குடல் புண்ணழற்சியைப் பற்றி எழுதினார். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932இல் 14 நோயாளிகளை ஆராய்ந்து மற்ற நோயை விவரித்தார்கள். பெயர் வரிசையில் முதலில் நின்ற குரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது. இவை மேலை நாட்டு நோய்கள், நம் ஊரில் அபூர்வம் என்ற எண்ணம் இந்தியாவில் வெகுகாலம் இருந்தது. பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2003இல் வெளியானது. லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண்ணழற்சி இருப்பதாக அது காட்டிய பிறகு அந்த எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த நோய்களின் இயல்பே சில காலம் அடங்கியிருப்பது, சில காலம் கிளர்ந்தெழுவது. பேதி நின்று, ரத்தம் நின்று, பசி திரும்பிவிட்டால் நோய் போய்விட்டது என்று நோயாளி நினைப்பது இயற்கைதான். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாத அந்த மாதங்களிலும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம். குரோன் நோயில் அந்த ஆறாத புண்தான் மெல்ல மெல்லக் குடலைச் சுருக்குகிறது. மருத்துவரைப் பார்ப்பதும் பரிசோதனை செய்வதும் நன்றாக இருக்கும் காலத்திலும் ஏன் தொடர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

முதல் முறை போகும்போது

மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு, களிம்பும் நாட்டு மருந்துமாக ஓரிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு வருபவர்கள் பலர். இன்னும் சிலர் சீதபேதி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். கேட்டு விசாரித்தால் வேறுபாட்டை ஓரளவு பிரித்துவிடலாம். மூலத்தில் மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். மலம் வழக்கம்போல் இருக்கும். பெருங்குடல் புண்ணழற்சியில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும். அடக்க முடியாத அவசரம் இருக்கும். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போலத் தோன்றும். நடு இரவில் தூக்கம் கலைந்து கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தால், எடை குறைந்தால், மாலையில் காய்ச்சல் அடித்தால், காரணமின்றி ரத்தசோகை வந்தால் குடல் சிறப்பு மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். மனஅழுத்தத்தோடு கூடிக் குறையும் ‘எரிச்சல் குடல்’ தொல்லை வேறு வகை. அதில் வலியும் பேதியும் உண்டு. ஆனால் அந்தத் தொல்லையால் ரத்தம் போகாது, எடை குறையாது, தூக்கத்திலிருந்து எழுப்புவதும் அரிது.

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் சில குடலுக்குச் சம்பந்தமில்லாதவை போல இருக்கும். கண் சிவந்து வலித்ததா, முழங்கால் வீங்கியதா, காலில் சிவந்த கட்டிகள் வந்தனவா, வாயில் அடிக்கடி புண் வருகிறதா என்பார். எல்லாம் இந்த நோய் குடலுக்கு வெளியே காட்டும் முகங்கள். மூட்டு வலிக்காகத் தினம் வலி மாத்திரை எடுத்தாரா என்பதும் முக்கியமான கேள்வி. டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் தாமே குடலைப் புண்ணாக்கும். அடங்கிய நோயையும் கிளறிவிடலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, இதே போன்ற குடல் நோய் இருந்ததா, நோயாளி புகைப்பவரா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகை குரோன் நோயை நிச்சயமாக மோசமாக்குகிறது.

முதல் சுற்றுப் பரிசோதனைகள் எளியவை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஊட்ட நிலையையும் நோயின் கடுமையையும் காட்டும் அல்புமின், கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை பார்க்கப்படும். மலத்தில் அமீபா, பாக்டீரியா தொற்று உண்டா என்று தேடுவார்கள். சி.ஆர்.பி. சரியாக இருக்கிறது என்பதால் குடலும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாகப் பெருங்குடல் புண்ணழற்சியில் உட்சவ்வு புண்ணாகிக் கிடக்கும்போதே அது இயல்பு அளவில் நிற்கக்கூடும்.

இந்தக் குறையை நிரப்புவது மலத்தில் செய்யும் கால்ப்ரோடெக்டின் பரிசோதனை. கால்ப்ரோடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களில் நிறைந்திருக்கும் ஒரு புரதம். குடல் சுவரில் அழற்சி இருந்தால் அந்த வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, குடலுக்குள் கசிந்து, மலத்தோடு வெளியேறும். மலத்தில் அந்தப் புரதம் எளிதில் சிதைவதில்லை என்பதால் அதை அளந்து பார்க்க முடிகிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 250ஐத் தாண்டினால் அழற்சி இருக்கிறதென்றே பெரும்பாலும் கொள்ளலாம். இடையில் நிற்கும் அளவுகள் குழப்பமானவை. சில வாரங்கள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். தொற்றுப் பேதியிலும், வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த அளவு ஏறும். ஆகவே இது அழற்சி உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். என்ன நோய் என்பதைச் சொல்லாது.

கொலோனோஸ்கோபி

நோயை உறுதி செய்யக் குடலை நேரில் பார்த்தாக வேண்டும். கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும், முடிந்தவரை சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்ப்பது கொலோனோஸ்கோபி. நோயாளிகள் பேச்சில் இதற்கு ‘ஸ்கோப்’ என்றே பெயர். சோதனையைவிட அதற்கான தயாரிப்புதான் சிரமம் என்று அதைச் செய்துகொண்டவர்கள் சொல்வார்கள். அந்தத் தயாரிப்பில் குறை வைத்தால் சோதனையின் பலனே பாழாகும். மலம் படிந்த குடலில் சிறு புண்கள் கண்ணில் படாது. எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

முந்தைய இரண்டு நாட்களுக்குக் கீரை, விதையுள்ள பழங்கள், காய்கறித் தோல், சிறுதானியம் எல்லாம் விலக்கப்படும். வெள்ளைச் சோறு, தயிர், இட்லி போன்ற சக்கை குறைந்த உணவு போதும். இரும்புச்சத்து மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை ஒரேயடியாகக் குடிப்பதைவிட, பாதியை முந்தைய மாலையிலும் மீதியைச் சோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பும் குடிப்பதே குடலை நன்றாகச் சுத்தம் செய்கிறது. இடையில் இளநீர், வடிகட்டிய சூப், பால் கலக்காத தேநீர் குடிக்கலாம். சிவப்பு நிறப் பானங்கள் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தோன்றும். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போனால் குடல் தயார். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அன்றைய மருந்தை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஒருவர் வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது.

குடலில் ஓட்டை விழும் அபாயம் மிக அரிது. நோய் உக்கிரமாக இருக்கும்போது அது சற்றுக் கூடுகிறது. அதனால் அந்த நேரத்தில் முழுக் குடலையும் துழாவாமல் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள். சோதனையின்போது புண் உள்ள இடங்களிலிருந்தும், பார்க்க நன்றாக இருக்கும் இடங்களிலிருந்தும் சிறு சிறு திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். நன்றாக இருக்கும் இடத்தில் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத அழற்சி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நோய் தொடர்ச்சியானதா விட்டுவிட்டு இருப்பதா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். இரண்டு நோய்களையும் பிரிப்பதற்கு அது அவசியம்.

ஸ்கோப் எட்டாத நடுச் சிறுகுடலை ஸ்கேன்தான் காட்டும். ஒரு லிட்டருக்கு மேல் கரைசல் குடித்துவிட்டு எடுக்கும் சி.டி., எம்.ஆர். எண்டரோகிராபி இரண்டும் குடல் சுவர் தடித்திருப்பதையும், சுருக்கத்தையும், சீழ்க்கட்டியையும் காட்டிவிடும். சி.டி. விரைவானது, செலவு குறைவு. ஆனால் கதிர்வீச்சு உண்டு. இருபது வயதில் நோய் வந்தவருக்கு வாழ்நாளில் எத்தனை ஸ்கேன் தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தால், அவசரமில்லாத நேரத்தில் எம்.ஆர். எடுப்பதே நல்லது. பயிற்சி பெற்றவர் கையில் சாதாரண அல்ட்ராசவுண்டும் இப்போது பயன்படுகிறது. குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சி என்று சந்தேகிப்பார்கள். கேமரா பொதிந்த குளிகையை விழுங்கும் சோதனையும் உண்டு. குடல் சுருங்கியிருந்தால் குளிகை அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்பதால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டே அதைத் தருவார்கள்.

காசநோயா, குரோன் நோயா

இந்தியாவில் குரோன் நோயைக் கண்டறிவதில் மேலை நாட்டு மருத்துவர்களுக்கு அதிகம் நேராத ஒரு சிக்கல் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். காசநோய்க் கிருமி குடலையும் தாக்கும். அதுவும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தையே தாக்கும். வயிற்று வலி, எடை குறைவு, காய்ச்சல், குடலடைப்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். திசுவில் தெரியும் கிரானுலோமா என்ற செல் திரட்சியும் இரண்டிலும் உண்டு.

தவறாக முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. காசநோயைக் குரோன் என்று நினைத்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும். குரோன் நோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தால், அந்த மாதங்களில் குடல் சுருங்கிக்கொண்டே போய் அறுவை சிகிச்சையில் முடியலாம். இந்தியக் குரோன் நோயாளிகளில் பலரின் ஃபைலைப் புரட்டினால் முதல் சில பக்கங்கள் காசநோய் சிகிச்சையாக இருப்பது இதனால்தான்.

பிரித்தறியத் துப்புகள் உண்டு. குடலைச் சுற்றிக் குறுக்காக ஓடும் புண், வாய் பிளந்து நிற்கும் குடல் வால்வு, வயிற்றில் நீர், மார்பு எக்ஸ்ரேயில் காசத் தழும்பு ஆகியவை காசநோயைக் காட்டும். நீளவாக்கில் ஓடும் புண்கள், இடையிடையே நல்ல சவ்வு, ஆசனவாய்ப் பவுத்திரம் ஆகியவை குரோனைக் காட்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1999இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. காசநோயின் கிரானுலோமாக்கள் பெரியவை, எண்ணிக்கையில் அதிகம், ஒன்றோடொன்று கூடிக்கிடப்பவை. குரோனுடையவை சிறியவை, அங்கொன்று இங்கொன்றாக இருப்பவை என்று அவர்கள் காட்டினார்கள். ஸ்கோப் செய்யும்போது எடுக்கும் சாதாரணத் துணுக்குகளைக் கொண்டே இதைச் சொல்ல முடிந்தது பெரிய உதவி.

துணுக்கில் கிருமியையே கண்டுபிடித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் குடல் காசநோயில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் வளர்ப்புச் சோதனையும், ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மரபணுச் சோதனையும் பல நேரம் ‘இல்லை’ என்றே வரும். ‘இல்லை’ என்ற முடிவு காசநோயை விலக்கிவிடாது. எல்லாம் பார்த்தும் தெளிவு வராதபோது டி.பி. சிகிச்சையைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் செய்து பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. இங்கே ஒரு கவனம் தேவை. டி.பி. மாத்திரையில் குரோன் நோயாளிக்கும் சில சமயம் வலி குறைந்து உடம்பு தேறியது போல இருக்கும். எனவே நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. புண் ஆறியிருந்தால் அது காசநோய். ஆறாமலிருந்தால் குரோனை, அபூர்வமாக மருந்துக்கு அடங்காத காசநோயை, நினைக்க வேண்டும். இந்த இரண்டாவது ஸ்கோப்பைச் செலவுக்கோ சிரமத்துக்கோ பயந்து தள்ளிப்போடுவது பெரிய பிழை.

மருந்துக்கும் ஒரு கண்காணிப்பு

ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1940களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சல்ஃபாசலசீனும், அதன் வழிவந்த மெசலமீனும் பெருங்குடல் புண்ணழற்சிக்கு இன்றும் முதல் மருந்துகள். பாதுகாப்பானவை, ஆனாலும் மெசலமீன் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மலக்குடலோடு நிற்கும் நோய்க்கு ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து வாய்வழி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். கூச்சத்தால் அதை வேண்டாமென்று சொல்பவர்கள் பெரிய உதவியை இழக்கிறார்கள்.

ஸ்டீராய்டு கிளர்ந்தெழுந்த நோயை விரைவாக அடக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955இல் அதை முறையான ஒப்பீட்டு ஆய்வில் நிரூபித்தார்கள். ஆனால் அடங்கிய நோயை அடங்கியே வைத்திருக்கும் சக்தி அதற்கில்லை. தொடர்ந்து எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்புரை வரும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தாமே ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவதும், உடம்பு தேறியதும் திடீரென்று நிறுத்துவதும் இரண்டுமே அபாயம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓராண்டில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால் அடுத்த நிலை மருந்துக்குப் போவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

அடுத்த நிலையில் வரும் அசதயோப்ரின் மலிவானது, பழகிய மருந்து. சிலருக்கு அது வெள்ளணுக்களை ஆபத்தான அளவு குறைத்துவிடும். இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடையே நட்15 என்ற மரபணுவின் ஒரு மாறுபட்ட வடிவம் கணிசமானவர்களுக்கு இருக்கிறது; இந்தத் தீங்கு அவர்களுக்குத்தான் அதிகம். மருந்து தொடங்கும் முன்பு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வசதி இல்லாத ஊரில் குறைந்த அளவில் தொடங்கி, முதல் இரண்டு மாதம் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அது வெள்ளணு சரிவதன் முன்னறிவிப்பு.

அமெரிக்காவில் 1998இல் குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃபிளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள் டி.என்.எஃப். என்ற அழற்சித் தூதுப் புரதத்தைத் தடுப்பவை. காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருந்தால் இவை அதை எழுப்பிவிடும். ஆகவே தொடங்கும் முன்பு மார்பு எக்ஸ்ரே, மாண்டூ தோல் ஊசி அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான பரிசோதனை எல்லாம் கட்டாயம். சிகிச்சை தொடங்கிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளவும் இதுவே நேரம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைச் சிகிச்சை தொடங்கிய பிறகு போட முடியாது.

அடங்கியிருக்கும் காலம்

நோய் அடங்கியவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதும், அப்போது ரத்தப் பரிசோதனையும் கால்ப்ரோடெக்டினும் செய்வதும் நல்ல ஏற்பாடு. கால்ப்ரோடெக்டின் பல நேரம் அறிகுறிக்குச் சில வாரங்கள் முன்பே ஏறத் தொடங்கும். 2017இல் லான்செட் இதழில் வெளியான ‘காம்’ ஆய்வு இதைக் குரோன் நோயில் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு அறிகுறியை வைத்து மட்டும் மருந்தைக் கூட்டினார்கள். மற்றப் பிரிவினருக்கு அறிகுறியோடு சி.ஆர்.பி., கால்ப்ரோடெக்டின் அளவுகளையும் பார்த்துக் கூட்டினார்கள். 48 வாரங்களுக்குப் பின் குடல் புண் ஆறியவர்கள் முதல் பிரிவில் 30 சதவீதம், இரண்டாம் பிரிவில் 46 சதவீதம். மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றுதான். கண்காணிப்பு மட்டுமே வேறு. அறிகுறி மறைவது முதல் படி, பரிசோதனை அளவுகள் இறங்குவது அடுத்த படி, குடல் சவ்வு ஆறுவதே இறுதி இலக்கு என்று 2021இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த வழிகாட்டலும் இதே திசையில் போகிறது. புதிய சிகிச்சை தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஸ்கோப் செய்து புண் ஆறியதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

எல்லாப் பரிசோதனைகளும் எல்லாருக்கும் தேவையில்லை. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்வதில் பொருளில்லை. ‘இது கூடுதலாக வந்தால் என்ன செய்வீர்கள், குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை. உணவு ஒவ்வாமை என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு நூறு உணவுகளின் பட்டியலை நீட்டும் ரத்தப் பரிசோதனைகளுக்கு இந்த நோயில் பயன் எதுவும் நிறுவப்படவில்லை. அந்தப் பட்டியலை நம்பி ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் உணவைக் குறைப்பதுதான் மிச்சம்.

விடுபடக் கூடாத சில சிறு பரிசோதனைகள் உண்டு. இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சி இருக்கும்போது பொய்யாக ஏறும். சாதாரணமாக 30க்குக் கீழ் போனால் குறைவு என்பார்கள். அழற்சி இருப்பவருக்கு 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் உள்ளவர்க்கும், அந்தப் பகுதியை வெட்டியெடுத்தவர்க்கும் பி12 உறிஞ்சப்படாது. வைட்டமின் டி அளவும், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனும் தேவை. கல்லீரல் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் தொடர்ந்து கூடியிருந்தால் பித்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கும் நோய் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு உயரமும் எடையும்தான் சிறந்த பரிசோதனை. வயதுக்கேற்ற வளர்த்தி நின்றுபோவது சில பிள்ளைகளிடம் நோயின் முதல் அடையாளமாகவே வருகிறது. பிள்ளை பெற விரும்பும் பெண்கள் நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மெசலமீன், அசதயோப்ரின் போன்றவற்றைப் பொதுவாகத் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுப்பவர்கள் அதைப் பல மாதங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்துவதால் நோய் கிளம்பினால், அதுதான் கருவுக்கு அதிகக் கெடுதல்.

ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். ஸ்கோப் ரிப்போர்ட்டின் வண்ணப் படங்கள், திசு ஆய்வு முடிவு, ஸ்கேன் படங்கள், எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, ஏன் நிறுத்தப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் தேதி வரிசையில் இருந்தால், ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்த கட்டிகளை ஆய்வகங்கள் பல ஆண்டு வைத்திருக்கும். காசநோயா குரோனா என்று இரண்டாவது கருத்து கேட்க வேண்டியிருந்தால் அவற்றை எழுதிக் கொடுத்து வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம். புதிதாகத் துணுக்கெடுக்க வேண்டிய தேவை பல நேரம் வராது.

மறுபடி கிளம்பினால்

மறுபடி பேதியும் ரத்தமும் தொடங்கினால் உடனே மருந்தைக் கூட்டுவதற்கு முன் மலப் பரிசோதனை வேண்டும். தொற்று, அதிலும் ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில், நோய் கிளர்ந்தது போலவே வேடம் போடும். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டாரா, வலி மாத்திரை எடுத்தாரா என்பதும் கேட்கப்பட வேண்டும். ஸ்டீராய்டுக்கு அடங்காத நோயில் சைட்டோமெகலோ வைரஸ் சேர்ந்திருக்கிறதா என்று கீழ்க்குடல் துணுக்கில் தேடுவார்கள்.

பெருங்குடல் புண்ணழற்சியில் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் ரத்தத்தோடு போகிறது, அதோடு நாடித்துடிப்பு 90க்கு மேல், அல்லது காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ் என்றால் மருத்துவமனையில் சேர்ந்தே ஆக வேண்டும். ட்ரூலவும் விட்ஸும் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் அப்படியே பயன்படுகிறது. நரம்பு வழி ஸ்டீராய்டு கொடுத்து மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்பார்கள். அன்றும் எட்டு முறைக்கு மேல் போனால், அல்லது மூன்று முதல் எட்டு முறை போய் சி.ஆர்.பி. 45க்கு மேல் இருந்தால், இன்ஃபிளிக்சிமாப், சைக்ளோஸ்போரின் போன்ற அடுத்த மருந்தையோ பெருங்குடலை அகற்றும் அறுவையையோ உடனே முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு இன்னும் நாலு நாளில் கேட்கும் என்று காத்திருப்பது குடல் உப்பி வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். குடும்பத்தார் அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் உரிய நேரத்தில் செய்த அறுவை உயிரைக் காக்கும். தாமதித்துச் செய்ததில் ஆபத்து பல மடங்கு. குரோன் நோயில் அறுவை முடிந்தாலும் வெட்டி இணைத்த இடத்திலேயே நோய் திரும்பக்கூடும் என்பதால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஸ்கோப் செய்து பார்ப்பது வழக்கம்.

நெடுங்காலம் அழற்சியில் இருந்த பெருங்குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும், நோய் அடங்கியிருக்கும் வேளையில், முழுக் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். சவ்வில் சாயம் தெளித்துப் பார்த்தால் தட்டையான மாற்றங்களும் புலப்படும். அழற்சியின் அளவு, பரப்பு, குடும்பத்தில் புற்றுநோய் இருந்ததா என்பதைப் பொறுத்து, அதன்பின் ஒன்று முதல் ஐந்து ஆண்டு இடைவெளியில் இது தொடரும். பித்தக்குழாய் நோய் சேர்ந்தவர்களுக்கு எட்டு ஆண்டுக் கணக்கில்லை. அது தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நோய் மலக்குடலைத் தாண்டாதவர்களுக்கு இந்தத் தனிக் கண்காணிப்பு வேண்டியதில்லை. முற்றாத மாற்றம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஸ்கோப் வழியாகவே அதை அகற்றிவிடுகிறார்கள். முழுமையாக எடுக்க முடியாததற்கும் பல இடங்களில் தெரிவதற்கும் மட்டுமே பெருங்குடலை எடுக்கும் யோசனை வருகிறது.